எறும்பு ஓடிய வேகம்

அண்ணன் தன் வாழ்நாளில் ஒரு தப்பும் செய்ததில்லை. வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதினால், அந்த இடத்தில் சுவர் வைத்தவன் முட்டாள். பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால், திருத்திய வாத்தியாருக்குக் கண் பார்வை சரியில்லை. கல்யாணத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், முகூர்த்தத்தை யாரோ அவசரப்பட்டு முடித்துவிட்டார்கள். "தப்பு என் மேலதான்" என்று அவர் வாயால் கேட்ட பிறவி இந்த உலகத்தில் கிடையாது. மற்றபடி தங்கமான மனுஷன். தங்கையின் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்காராமல் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தவர்.

அந்தத் தங்கைக்கு அண்ணன் வைத்த பெயர் கொசு. சின்ன வயதில் அவர் காதருகே நின்றுகொண்டு, "இது என்ன, அது ஏன்" என்று ஓயாமல் நொய்நொய் என்று கேட்டதால் வந்த பெயர். ஒட்டிக்கொண்டுவிட்டது. நாமும் அப்படியே அழைப்போம், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். இப்போது அவளுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. கணவரோடு சேர்ந்து கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறாள். கணவர் முன்னறையில் கண் சோதிப்பார். இவள் பின்னறையில் ஃபிரேமுக்குள் லென்ஸ் பொருத்துவாள். கடுகு அளவு திருகாணியைக் கை நடுங்காமல் முடுக்குவாள்.

கொசு மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், அண்ணனின் கல்லூரிப் படிப்புக்கென்று அப்பா ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். தெருவிலேயே அதுதான் முதல். அதைக் கொசு தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். தொட்டால் கெட்டுவிடுமாம். அண்ணன் கல்லூரிக்குப் போனதும் அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். அண்ணனுடைய பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, தட்டுத் தடுமாறி, ஒரு விளையாட்டையே எழுதி முடித்துவிட்டாள். ஓர் எறும்பு சர்க்கரைத் துணுக்கைத் தூக்கிக்கொண்டு சமையலறைத் தரையைக் கடக்க வேண்டும். மேலேயிருந்து தண்ணீர்ச் சொட்டு விழும். நனைந்தால் ஆட்டம் காலி. அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் பின்னால் அதைத் தொட்டவர்கள் விடவில்லை.

ஒருநாள் அண்ணனின் சிநேகிதன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "டேய், நீயாடா எழுதினே?" என்று வாயைப் பிளந்தான். அண்ணன் ஒரு கணம்தான் யோசித்தார். "பின்னே?" என்றார். கொசு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். நான்தான் என்று சொன்னால் கம்ப்யூட்டரைத் தொட்டது அப்பாவுக்குத் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டாள். அவள் அதைத் திறக்கலாம் என்று துணிந்தபோது, எறும்பு தெரு முழுக்க அண்ணனுடைய எறும்பு ஆகிவிட்டிருந்தது. அந்தப் பெயரை வைத்துத்தான் அவரிடம் முதல் மாணவர்கள் வந்தார்கள். பிறகு இன்ஸ்டிட்யூட் வந்தது, கட்டடம் வந்தது, வாசலில் கண்ணாடிக் கதவு வந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை, "அண்ணா, அந்த எறும்பு நான் எழுதினதுதானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டும் பார்த்தாள். அண்ணன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நீயா? நீ பக்கத்துல உக்காந்து வேடிக்கை பார்த்துட்டு இருந்தே கொசு," என்று அவள் தலையைத் தட்டினார். பொய் சொல்கிறார் என்றால்கூட மனசு ஆறியிருக்கும். அவர் நம்பினார். அதுதான் அவளைச் சுட்டது.

சுட்டது என்றாலும் குடும்பம், கடை, குழந்தைகள் என்று காலம் ஓடிவிட்டது. இன்ஸ்டிட்யூட்டின் வெள்ளி விழாவுக்கு அழைக்க அண்ணன் கடைக்கு வந்தார். வாசலில் ஒரு கல்வெட்டு திறக்கப் போகிறார்களாம். கறுப்புக் கல்லில் எறும்பைச் செதுக்கி, கீழே வாசகம்: நிறுவனர் இளமையில் தனியொருவராக உருவாக்கிய முதல் விளையாட்டு. அண்ணன் அதை வாய்விட்டுச் சொன்னபோது கொசுவின் கையிலிருந்த திருப்புளி நின்றது.

அவர் போனதும் கணவரிடம், "வாயால சொன்னா காத்தோட போயிடும்னு விட்டுட்டேன். கல்லுல வெட்டினா எங்கங்க போகும்?" என்றாள். "எனக்கு அந்த எறும்பு வேணும்."

எறும்பு எங்கே இருந்தது என்றால், பின்னறை அலமாரியில், கண் சோதிக்கும் எழுத்து அட்டைகளுக்கு நடுவே, உள்ளங்கையைவிடப் பெரிய பழைய ஃபிளாப்பித் தட்டு ஒன்றில் இருந்தது. பிறந்த வீட்டிலிருந்து அவள் கேட்காமல் எடுத்து வந்த ஒரே சொத்து. அவள் எழுதிய மூல வரிகள் எப்போதோ அழிந்துபோய்விட்டது. ஓடும் புரோகிராம் மட்டும் அதில் இருந்தது. அதைச் செருகும் வாய் இன்றைய எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை.

"புதுக் கம்ப்யூட்டரையே பழசு மாதிரி நடிக்க வைக்கலாம்னு மச்சான் ஒருவாட்டி சொன்னாரே?" என்றார் கணவர்.

"வைக்கலாம். ஆனா எங்க வீட்டுல நடிப்பு ஏற்கெனவே நடந்தது போதும். நிஜமான பழைய மெஷினையே கட்டப் போறேன்."

பழைய சாமான் மண்டியில் ஒரு மலை இருந்தது. மலையின் மேல் உட்கார்ந்திருந்த கடைக்காரர், அவள் பொறுக்கியெடுத்த தகரப் பெட்டியையும் பெரிய வயிற்று மானிட்டரையும் பார்த்து, "இதை வெச்சு என்னம்மா பண்ணப் போறீங்க, மீன் வளர்க்கவா?" என்றார். கொசு அடியிலிருந்த மதர்போர்டை இழுத்தாள். எலி கடித்த கேபிள் இரண்டு, வாய் திறந்த ஃபிளாப்பி டிரைவ் ஒன்று, மெமரி அட்டைகள் ஒரு கைப்பிடி. பிராசஸர் எடுக்கும்போது மட்டும் அவள் கொஞ்சம் பேராசைப்பட்டாள். அந்தக் காலத்துச் சாதாரணமும் கிடைத்தது, அதற்குச் சில வருடம் பின்னால் வந்து எல்லாரையும் பொறாமைப்பட வைத்த வேகமான ரகமும் கிடைத்தது. அன்றைக்கு அப்பாவிடம் கேட்க முடியாததை இன்றைக்கு ஏன் விட வேண்டும் என்று வேகமானதையே எடுத்துக்கொண்டாள்.

அதன்பின் பின்னறையில் லென்ஸ் வேலை முடிந்த நேரமெல்லாம் இந்த வேலை. மதர்போர்டில் பழைய பேட்டரி கசிந்து பச்சையாகப் பூத்திருந்தது. வினிகரைத் தொட்டுத் தொட்டு, லென்ஸ் துடைக்கும் பிரஷ்ஷால், பூதக்கண்ணாடிக்கு அடியில் ஒவ்வொரு கம்பியாகச் சுத்தம் செய்தாள். அறுந்த இடத்தில் மயிரிழைக் கம்பி வைத்து ஈயம் பற்றவைத்தாள். மெமரி அட்டைகளின் பற்களை அழிரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கினாள்.

முதன்முதலாக மின்சாரம் கொடுத்தபோது பவர் சப்ளை 'டப்' என்று ஒரு சத்தம் போட்டுப் புகை விட்டது. கடை முழுக்க இருட்டு. முன்னறையில் கண் சோதனைக்கு உட்கார்ந்திருந்த பெரியவர், "ஐயா, இப்ப ஒரு எழுத்துமே தெரியலீங்களே!" என்று பதறினார். கணவர் அவரைச் சமாதானப்படுத்திவிட்டுப் பின்னறைக்கு வந்து, "ஏம்மா, அவர் கண்ணு போயிடுச்சுன்னு நினைச்சுட்டார்," என்றார். கொசு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், வெடித்த துணுக்கைக் கழற்றி வேறு போட்டாள்.

அடுத்த முறை புகை வரவில்லை. மெஷின் நீளமாக ஒன்றும் குட்டையாகச் சிலவும் கூவிவிட்டு மௌனமானது. திரைக்குப் படம் அனுப்பும் அட்டை சரியாக உட்காரவில்லை என்று அதன் பாஷையில் அர்த்தம். அழுத்தி உட்கார வைத்தாள். பிறகு ஃபிளாப்பி டிரைவின் விளக்கு எரிந்தது எரிந்தபடியே நின்றது. கேபிளைத் தலைகீழாகச் செருகியிருந்தாள். "இவ்வளவு நேரம் தலைகீழாவா மாட்டி வெச்சிருந்தேன்," என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு திருப்பிப் போட்டாள். மண்டியில் கிடைத்த ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, டாஸ் என்ற அந்தக் காலத்து இயங்குதளத்தை ஏற்றினாள். கடைசியில் கறுப்புத் திரையின் மூலையில் ஒரு சின்னக் கோடு வந்து நின்று கண் சிமிட்டியது. படம் இல்லை, பொத்தான் இல்லை, வரவேற்பு வாசகம்கூட இல்லை. என்ன வேண்டும், சொல் என்று காத்திருக்கும் ஒரு கோடு மட்டும். கொசுவின் விரல்கள் அவளைக் கேட்காமலே கட்டளைகளைத் தட்டின.

"உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கா?" என்றார் கணவர்.

"எனக்கு இல்லை. விரலுக்கு இருக்கு."

பிறகு எழுத்து அட்டைகளுக்கு நடுவிலிருந்து அந்த ஃபிளாப்பி வந்தது. டிரைவின் தலையை ஸ்பிரிட்டால் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு செருகினாள். 'கர்ர்... கர்ர்...' என்று உறுமியது. படிக்க முடியவில்லை என்றது. மறுபடி முயலச் சொன்னாள். மறுபடி உறுமியது. கொசு ஒரு தெய்வத்தைக்கூட விடவில்லை, எல்லோரையும் கூப்பிட்டாள். திரையில் பச்சை எழுத்தில் தலைப்பு வந்தது. கீழே ஓர் எறும்பு.

கணவர் கைதட்டினார். அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். ஆட்டம் முடிந்தது என்று வந்தது.

மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே. எறும்பு இந்த ஓரத்தில் இருந்தது, சட்டென்று இல்லை.

"எங்கம்மா எறும்பு?"

கொசு திரைக்கு அருகே குனிந்து இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "ஐயோ. இது என் தப்பு."

அவருக்குப் புரியும்படி சொன்னாள். எறும்பு ஓரடி வைத்ததும் கொஞ்சம் நின்று மறு அடி வைக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு, சும்மா ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிரு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருந்தாள். அன்றைய மெஷின் சோம்பேறித்தனமாக எண்ணியது, எறும்பு அழகாக நடந்தது. இந்த மெஷினோ கண்ணை மூடித் திறப்பதற்குள் எண்ணி முடித்துவிடுகிறது, எறும்பு பாய்ந்துபோய்ச் சொட்டில் நனைந்துவிடுகிறது. "கடிகாரத்தைப் பார்த்து நிக்கச் சொல்லியிருக்கணும். எந்த மெஷின்லயும் ஒரே மாதிரி ஓடியிருக்கும். அப்ப எனக்குத் தெரியலை. எங்க அண்ணன் முதல் வகுப்புலயே இதைத்தான் சொல்லித் தருவாரு. எண்ண வெச்சு நேரம் கடத்தறவன் மடையன்னு சத்தமா சொல்லுவாரு."

நல்ல வேளையாக அந்தக் காலத்துப் பெட்டிகளின் முகத்தில் டர்போ என்று ஒரு பொத்தான் உண்டு. பழைய புரோகிராம்களுக்காக மெஷினை நிதானப்படுத்துவதற்கென்றே வைத்தது. அதன் கம்பியைத் தேடிப் பிடித்து மதர்போர்டில் செருகி, பொத்தானைத் தட்டினாள். டர்போ விளக்கு அணைந்தது. எறும்பு நடந்தது.

சர்க்கரைத் துணுக்கைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, நின்று நின்று, அசல் எறும்பு மாதிரியே நடந்தது. மேலேயிருந்து சொட்டு விழுந்தது. கொசுவின் விரல் அதைத் தானாக ஒதுக்கிவிட்டது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பாவாடையை முழங்காலில் செருகிக்கொண்டு, வாசலில் காலடி கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு எழுதிய அந்தப் பெண் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்திருக்கிறாள்! இத்தனை வருடம் அவளை இவளே மறந்திருந்தாள். அதற்காகவும் அழுதாள்.

கணவர் தோளில் கை வைத்தார். "ஓடுது, சரி. ஆனா நீதான் எழுதினேன்னு எறும்பு சாட்சி சொல்லுமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டர்போ பொத்தானைத் தட்டினாள். எறும்பு மாயமானது. மறுபடி தட்டினாள். நடந்தது. மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "எறும்பு சொல்லாதுங்க. எங்க அண்ணன் சொல்லுவாரு."

விழாவில் எறும்பை நிஜ மெஷினில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று அவள் ஃபோனில் சொன்னபோது அண்ணன் தலைகால் புரியாமல் குதித்தார். "கொசு, நீ என் தங்கச்சிடி!" என்றார்.

விழா நாளன்று இன்ஸ்டிட்யூட்டின் அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்னாள் மாணவர்கள், இந்நாள் மாணவர்கள், வாத்தியார்கள். வாசலில் கல்வெட்டைப் பட்டுத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். மேடையில் தகரப் பெட்டி, அதன் காட்சி பெரிய திரையில் தெரியும்படி ஏற்பாடு. அண்ணன் மைக்கைப் பிடித்து, தான் எறும்பை எழுதிய கதையைச் சொன்னார். இந்த முறை அதில், இரவு பகலாக உட்கார்ந்து எழுதியதால் வந்த முதுகுவலியும் சேர்ந்திருந்தது. மெஷினை ஓட்டும்படி கொசுவுக்குச் சைகை காட்டினார்.

எறும்பு நிதானமாக நடந்தது. அரங்கம் 'ஓ' என்று ஆர்ப்பரித்தது. அண்ணன் இரு கையும் கூப்பி அந்தக் கைதட்டல் முழுவதையும் வாங்கிக்கொண்டார்.

கொசுவின் விரல் டர்போ பொத்தான் மேல் இருந்தது. இப்படியே விட்டுவிட்டால் எல்லோரும் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், பட்டுத் துணி விலகும், அவள் எழுதியது கல்லில் அவருடையதாகிவிடும். தட்டினாலோ, அவளுடைய கத்துக்குட்டித் தப்பு, கம்ப்யூட்டரில் கரைகண்ட இத்தனை பேருக்கு முன்னால், ஆளுயரத் திரையில் அவிழ்ந்து கிடக்கும். முன்வரிசையில் கணவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். என் தப்பும் என்னுடையதுதானே என்று நினைத்தாள். தட்டினாள்.

எறும்பு காணாமல் போனது. ஆட்டம் முடிந்தது. மறுபடி தொடங்கினாள், மறுபடி முடிந்தது. அரங்கத்தில் சிரிப்பு கிளம்பியது.

"மெஷின் சரியில்லை," என்றார் அண்ணன் உடனே, மைக்கில்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு அண்ணா," என்றாள் கொசு. "எண்ணச் சொன்னதை எண்ணுது. கொஞ்சம் வேகமா எண்ணுது, அவ்வளவுதான்."

முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். நல்ல பெண், கேலி செய்யும் எண்ணமே இல்லை, கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் மட்டும்தான். "சார்! எண்ண வெச்சு நேரம் கடத்தியிருக்கீங்க! முதல் வகுப்புல சொல்வீங்களே சார், இப்படி எழுதறவன்..." அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வகுப்பில் உட்காராத மாணவர் அரங்கத்தில் யாருமே இல்லை. பின்வரிசையிலிருந்து ஒரு கூட்டமே சேர்ந்து, "மடையன்!" என்று முடித்து வைத்தது. கூரை அதிரச் சிரித்தார்கள்.

அண்ணனின் முகம் சிவந்தது. பாராட்டு என்றால் யாருடையதையும் வாங்கிக்கொள்வார். தப்பு என்றால் தன்னுடையதையே வாங்கமாட்டார், அடுத்தவருடையதை வாங்குவாரா?

"யாரு? நானா?" என்று அலறினார். "நான் இப்படி எழுதுவேனா? கடிகாரத்தைப் பார்க்காம ஒரு வரி எழுதியிருப்பேனா நான்? இது இவ எழுதினது! நான் காலேஜுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கிட்டு, என் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து இவ எழுதினது! இவளுக்கு அப்ப என்ன தெரியும்?"

ஒலிபெருக்கி அதை அரங்கத்தின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிரிப்பு நின்றது. அண்ணன் தன் குரலைத் தானே கேட்டார். வாயைத் திறந்தபடி தங்கையைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் போய், எதையோ தேடிக் கண்டெடுத்தவரின் திகைப்பு வந்தது. எங்கோ ஆழத்தில் இத்தனை காலம் மூடிக் கிடந்த அந்தக் கதவு அவருக்கே இப்போதுதான் திறந்தது.

கொசு எழுந்து நின்றாள். மைக் இல்லாமலே அவள் குரல் கேட்டது. "ஆமா. நான் எழுதினதுதான். தப்போட சேர்த்து, மொத்தமும் நான் எழுதினது."

முதலில் கைதட்டியது அந்த மாணவிதான். பிறகு அவள் வரிசை, அதற்குப் பின் வரிசை. கணவர் நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டார், அவருக்கு முழங்கால் வலி வேறு. சற்று முன் எறும்புக்குக் கிடைத்த கைதட்டல் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கொசு சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், இரண்டும் ஒரே சமயத்தில்.

அண்ணன் அருகில் வந்தார். "நீதான்ல?" என்றார். மைக்கை அணைக்க மறந்திருந்தார். "நான் எப்படி இதை..." பிறகு அரங்கத்தைப் பார்த்து நிமிர்ந்து, "அந்தக் கல்லைத் திறக்க வேண்டாம். வேற வெட்டணும். இது என் தங்கச்சி எழுதினது," என்றார். குரல் உடைந்தது. உடைந்த குரலைச் சரிசெய்துகொண்டு, "வாசகம் எழுதிக் கொடுத்தவன் ஒழுங்கா விசாரிக்கலை," என்றும் சேர்த்தார். அரங்கம் மறுபடி சிரித்தது. கொசுவும்தான் சிரித்தாள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு.

கூட்டம் மேடைக்கு ஏறிவிட்டது. பொத்தானைத் தட்டி எறும்பை மறுபடி நடக்க வைத்தார்கள், ஆளாளுக்கு விளையாட முண்டியடித்தார்கள். அப்போதுதான் புகைப்படக்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார். வழியில் வண்டி பஞ்சராம். நடந்தது எதுவும் தெரியாமல், நெருக்கியடித்து உள்ளே நுழைந்து, திரையைப் பார்த்துவிட்டு, "அட, நல்லா இருக்கே! யாருங்க எழுதினது? அவங்களைத் தனியா ஒரு படம் எடுக்கணும்," என்றார்.

பழக்க தோஷத்தில் அண்ணனின் கால் ஓரடி முன்னால் வந்தது. வந்த கால் நின்றது. கணவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அவருக்கு முன்னால் கொசு முந்திக்கொண்டாள்.

"நான்தாங்க," என்று சொல்லி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, தகரப் பெட்டியின் மேல் ஒரு கையை ஊன்றி, கேமராவைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள்.